முத்தம்மாவின் பறி

மெஸ்த்ரே
இத்தாலி, 9.9.2024

லோகேஷ் நைனாவுக்கு முத்தம்மா எழுதுவது.

இங்கே நான், காவியா, மாப்பிள்ளை மூவரும் சுகம். அங்கே உங்கள் சுகமும், பக்கத்து வீட்டு ஜெயம்மா சுகமும், நம் ஆட்டின் சுகமும் தெரிய ஆவல்.

தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நீங்கள் "ம்" தவிர ஒரு வார்த்தை சொல்வதில்லை. நான் பேசினால் இந்தப் பக்கம் காவியா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் ஜெயம்மா, "இன்னாடி சாப்ட்ட, அங்க கொழம்பு வெக்கறாங்களா இல்லியா"னு நடுவில் நுழைகிறாள். இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டு, புருஷன் பெண்டாட்டி தனியாக நாலு வார்த்தை பேச வழியில்லை. அதனால்தான் காவியாவிடம் உறை வாங்கித் தரச் சொன்னேன். வாயால் நீ வா போ என்று பேசுகிறவளுக்கு எழுத உட்கார்ந்தால் மரியாதை தானாக வருகிறது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி அப்படி. சிரிக்காதீர்கள்.

காவியாவுக்கு வயிறு இறங்கிவிட்டது. அடுத்த மாதம் முதல் வாரம் என்று டாக்டர் சொல்கிறார். பிரசவம் பார்க்க வந்த என்னைத்தான் அவள் பார்க்கிறாள். வந்த அன்றே மெஷினை வைத்து என் சர்க்கரையைச் சோதித்தாள். "அம்மா, இனிமே ஏரில எறங்காத. அனுப்பம்பட்டுல உன் புள்ள லோகேஷ் வூட்ல போய் இரு"னு ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

விரல் நுனி கொஞ்ச நாளாக மதமதவென்று இருப்பது உண்மைதான். ஆனால் பறி நிறைகிறதே. போன மாதம்கூட என் பறி உங்கள் பறிக்குச் சமமாக இருந்தது. கை போனவளுக்கு இறால் மாட்டுமா? இரக்கப்பட்டா அது என் பறியில் வந்து விழுகிறது? இதைச் சொன்னால் காவியா அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

மாப்பிள்ளை பொன்னேரி டவுனில் வளர்ந்தவர் இல்லையா, அவருக்கு நம் வேலையே புரியவில்லை. "வலையே இல்லாமலா அத்தை?" என்கிறார். இடுப்புத் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவினால் இறால் விரலில் தட்டும், அமுக்கிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவோம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. கப்பல் பட்டறையில் இரும்பை ஒட்ட வைக்கிறவர் அவர். அதை நான் நம்பவில்லையா?

ஊர் வந்ததும் நான் ஏரியில் இறங்கத்தான் போகிறேன். நீங்கள் மகள் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடவும்.
முத்தம்மா

*

மெஸ்த்ரே
21.9.2024

லோகேஷ் நைனாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருமல் நின்றதா?

வெனிஸ் பார்த்தியா, வெனிஸ் பார்த்தியா என்று ஜெயம்மா உயிரை எடுத்தாளே, நேற்றுப் பார்த்துவிட்டேன். அவளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

குழந்தை வந்துவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது, இப்போதே போய் வா என்று காவியா விரட்டினாள். மாப்பிள்ளை லீவு போட்டார். நாங்கள் இருக்கும் மெஸ்த்ரே கரையில் இருக்கிறது, வெனிஸ் ஏரிக்குள் இருக்கிறது. ஏரி என்றால் நம் ஏரி மாதிரியே, கடலுக்கும் தரைக்கும் நடுவில் பரந்து கிடக்கிற உப்புத் தண்ணீர். வாசனைகூட அதேதான். நடுவில் நீளமாகப் பாலம் போட்டு பஸ்ஸும் ரயிலும் விட்டிருக்கிறார்கள்.

பஸ் ஜன்னலில் பார்த்தால் தண்ணீரில் வரிசையாகக் கழி நட்டிருக்கிறது. "மாப்ள, இது யாரு வலைங்க? குறுக்க போனா சண்டைக்கு வரமாட்டாங்களா?" என்றேன். "வலை இல்ல அத்தை, படகு போற வழிக்கு அடையாளம்" என்று சிரித்தார். எனக்குச் சந்தேகம் போகவில்லை. பிறகு படகில் ஏறியபோதும், கழி பக்கத்தில் வரும்போதெல்லாம் வலையை அறுத்துவிடுவோமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஒரு பை கொடுத்தாள். வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல பை.

பஸ் ஊரின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. எல்லாம் படகுதான். குப்பை படகில் போகிறது, ஆஸ்பத்திரி வண்டி படகு, ஒரு படகில் துணி துவைக்கும் மெஷின் போனது. செத்தாலும் படகுதானாம். மற்றபடி நடைதான். பத்தடிக்கு ஒரு பாலம், ஏறி இறங்கி ஏறி இறங்கி என் முட்டி கழன்றுவிட்டது.

முதலில் மீன் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் வலையில் வந்தால் சலித்துக்கொண்டு வீசுவோமே, இறாலும் இல்லாமல் பூச்சியும் இல்லாமல் ஒன்று, அதை உயிரோடு ஐஸ் மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையை மாப்பிள்ளை கேட்டுச் சொன்னார். ஜெயம்மாவிடம் சொல்லாதீர்கள், மயக்கம் போட்டுவிடுவாள்.

பெரிய சர்ச்சுக்குள் போனோம். கூரை முழுக்கத் தங்கம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததால் கீழே பார்த்தேன். தரை மேடும் பள்ளமுமாக நெளிந்து கிடக்கிறது. அடியில் சேறு என்றார் மாப்பிள்ளை. அவ்வளவு தங்கத்தையும் சேற்றின் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தங்கத்தைவிட அதுதான் அதிசயமாக இருந்தது. வெளியே காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை. நின்றேன்.

மத்தியானம் ஒரு கால்வாய் ஓரம் படித்துறையில் கொஞ்சம் உட்கார்ந்தோம். தண்ணீர் வற்றிக் கீழ்ப்படிகள் தெரிந்தன. அப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டோம். மணிக்கூண்டு ஏறவில்லை. மாப்பிள்ளை சாயங்காலம் வரைக்கும் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார், பாவம்.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டுங்கள், புதுப் பேனா.

ஒன்று கேட்கிறேன், மறக்காமல் எழுதுங்கள். நான் இல்லாமல் தனியாக இறங்குகிறீர்களே, பறி எப்படி நிறைகிறது?

முத்தம்மா

*

மெஸ்த்ரே
23.9.2024

அன்புள்ள நைனாவுக்குக் காவியா எழுதுவது.

நான் நலம், உள்ளே இருக்கிற பிள்ளையும் நலம். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அம்மா என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. வெனிஸ் போன கதையை அவள் உங்களுக்கு எழுதியிருப்பாள். படித்துறையில் நடந்ததை எழுதியிருக்க மாட்டாள்.

தண்ணீர் வற்றியிருந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லையாம். "மாப்ள, கல்லு சந்துல நண்டு இருக்கும். வலையில்லாம எப்பிடினு கேட்டீங்களே, இப்பப் பாருங்க"னு சொல்லிவிட்டு, இவர் தடுப்பதற்குள் பாசிப் படியில் இறங்கிக் கையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டாள். அங்கே கால்வாயில் இறங்கக் கூடாது. சேலை கட்டிய அம்மா என்ன செய்கிறாள் என்று கூட்டம் சேர்ந்து போனைத் தூக்கிப் படம் எடுத்திருக்கிறது. அம்மா அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தடவியிருக்கிறாள். ஒன்றும் மாட்டவில்லை. மறுபடி தடவியிருக்கிறாள். "இங்கதான் இருக்குது மாப்ள, இருங்க" என்றாளாம்.

அப்புறம்தான் இவர் தண்ணீர் சிவப்பாவதைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த சிப்பி இரண்டு விரலை நன்றாகக் கிழித்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவே இல்லை. சத்தம் போட வந்த போலீஸ்காரர்கூட கையைப் பார்த்துவிட்டுத் துணி கொடுத்தார்.

மெஸ்த்ரே ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். தையல் போட்ட இடத்தில் நர்ஸ் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசியால் தொடும்போது சொல்லச் சொன்னாள். நான்தான் தமிழில் சொன்னேன். அம்மா சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பத்து விரலையும் தொட்டு முடித்து ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். அதற்கு அப்புறம் அம்மா, "எப்ப ஆரம்பிப்பாங்க?"னு கேட்டாள்.

நைனா, எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா ஏரிப் பேச்சையே எடுக்கவில்லை. நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். இனி இறங்க வேண்டாம் என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்
காவியா

*

தோணிரேவு
25.9.2024

முத்தம்மாவுக்கு மாசிலாமணி எழுதிக்கொண்டது.

நலம். நலம் அறிய அவா. நீ போய்ச் சேர்ந்ததும் எழுதிய கடிதம் இன்றுதான் கிடைத்தது. ஜெயம்மா படிக்கக் கேட்டாள், கொடுக்கவில்லை.

போனில் பேச எனக்கு வருவதில்லை. அந்தக் கண்ணாடிக்குள் உன் முகம் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. ஏர்போர்ட்டிலும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாய்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ஆடு உன்னைத் தேடி இரண்டு நாள் கத்தியது, இப்போது என்னைப் பொறுத்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ருசிக்குத்தான் குறைவு. என் பறி அடியில் கிழிந்துவிட்டது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். உன் பறியை எலி கடிக்காமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

வேலை நன்றாக நடக்கிறது. நாம் இறங்குகிற அதே இடம்தான். வெயில் ஏறுவதற்குள் பறி கழுத்து முட்டிவிடுகிறது, கரையேறி வந்து படுத்துவிடுகிறேன். "பொண்டாட்டி ஊருக்குப் போனதும் இறாலு உன்னத் தேடி வருதுய்யா"னு ஜெயம்மா கேலி செய்கிறாள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

காவியாவைச் சூடாகச் சாப்பிடச் சொல். மாப்பிள்ளை ரமேஷுக்கு ஆசீர்வாதம்.

மாசிலாமணி

*

தோணிரேவு
8.10.2024

முத்தம்மாவுக்கு மாசிலாமணி எழுதிக்கொண்டது.

பேத்தி பிறந்த செய்தி போனில் கேட்டதிலிருந்து இங்கே ஒரே கொண்டாட்டம். லோகேஷ் ஜிலேபி வாங்கி வந்தான். மூக்கு உன் மூக்கு என்கிறார்கள். படத்தில் எனக்கு மூக்கே தெரியவில்லை, தலையை ஆட்டிவிட்டேன்.

நீ வெனிஸ் போய்வந்த கடிதம் கிடைத்தது. ஜெயம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மார்க்கெட் விலை வரும் இடத்தில் இருமி மழுப்பிவிட்டேன். சேற்றின் மேல் சர்ச் நிற்கிறது என்றதும், "நம்ம வூடுந்தான் நிக்குது, யாரு வந்து பாக்கறாங்க" என்றாள்.

சாயங்காலம் இடி இடிக்கிறது. மழை இன்னும் இறங்கவில்லை. கிழக்கே கருத்துக் கிடக்கிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து தண்ணீர் மந்தமாக இருக்கிறது. ஆட்டுக்குக் காலில் முள் குத்தி, எடுத்துவிட்டேன்.

அங்கே பச்சைத் தண்ணீரில் அதிகம் கை வைக்காதே. குளிர் ஊர். பேனா சரியில்லை என்றால் மாப்பிள்ளையிடம் வேறு கேட்டு வாங்கு.

வேறொன்றுமில்லை.
மாசிலாமணி

*

மெஸ்த்ரே
11.10.2024

லோகேஷ் நைனாவுக்கு,

பிள்ளையும் காவியாவும் நலம். பிள்ளை இப்போது என் மடியில்தான் தூங்குகிறாள், அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேர் பூவிழி என்று முடிவாகியிருக்கிறது.

நீங்கள் போன மாதம் எழுதிய கடிதம் வந்தது. பல தடவை படித்தேன்.

காவியா உங்களுக்குத் தனியாக எழுதியிருப்பாள். கடித உறைக் கட்டில் ஒன்று குறைந்திருந்தபோதே நினைத்தேன். அவள் விரல் கிழிந்ததைத்தான் எழுதியிருப்பாள். அந்த இடத்தில் என் மனசில் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியாது, உங்களுக்குச் சொல்கிறேன்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. கல் சந்தில் நண்டின் கொடுக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது. என் கை அதன் மேல்தான் இருந்தது. கண் பார்க்கிறது, கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்லும் நண்டும் தண்ணீரும் எல்லாம் ஒன்றுதான். நம் ஏரியில் கலங்கல் தண்ணீர், கையைப் பார்க்க முடியாது. அதனால் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சுற்றி எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நான் சிரிக்கிறேன், உள்ளே ஒரே கேள்வி. இந்தக் கையா ஏரியில் இறால் பிடித்தது?

தனியாக இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் உங்கள் பறி நிறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் இருவரும் இறங்கும்போது சாயங்காலம் ஆகும். இரண்டு பறியையும் கரைக்குத் தூக்கிப் போவது எப்போதும் நீங்கள்தான். நான் பின்னால் துணி பிழிந்துகொண்டு வருவேன்.

என் பறியில் இருந்தது யார் பிடித்த இறால்? கேலி பேசாமல் பதில் எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம்.

முத்தம்மா

*

மெஸ்த்ரே
27.10.2024

லோகேஷ் நைனாவுக்கு,

பிள்ளை நலம், பால் நன்றாகக் குடிக்கிறாள். எனக்குத் தையல் பிரித்தாகிவிட்டது.

பேத்தி பிறந்ததும் எழுதிய உங்கள் கடிதம் வந்தது. இடி இடித்தது, ஆட்டுக்கு முள் குத்தியது, எல்லாம் தெரிந்துகொண்டேன். நான் நேராகக் கேட்ட கடிதம் கைக்குக் கிடைக்கும் முன் எழுதியது அது. ஆனால் பறி எப்படி நிறைகிறது என்று அதற்கு முன்பே கேட்டிருந்தேனே, அதற்கும் அதில் பதில் இல்லை.

நேற்றுப் போனில் நீங்கள் "ம்"கூடச் சொல்லவில்லை. மழை சத்தம்தான் கேட்டது.

முத்தம்மா

*

தோணிரேவு
30.10.2024

முத்தம்மாவுக்கு மாசிலாமணி எழுதிக்கொண்டது.

உடம்பு நலம். மழை பிடித்துக்கொண்டது. நீ கேட்ட கடிதம் போன வாரமே வந்துவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

போன வருடம் இதே ஐப்பசியில் ஒரு நாள் உன் பறியைக் கரையில் கவிழ்த்தேன். மூன்று நான்கு இறால் இருந்தது. மீதி எல்லாம் கிளிஞ்சலும் வேர்த்துண்டும். பார்க்காமல் அமுக்கிப் போடுவதுதானே நம் வேலை. நீ கிளிஞ்சலை இறால் என்று அமுக்கிப் போட்டிருக்கிறாய். நீ வருவதற்குள் அதை எல்லாம் தண்ணீரில் வீசிவிட்டு என்னுடையதில் பாதியை உன் பறியில் கொட்டினேன்.

அந்த ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தேன். நீ வந்து பறியைத் தூக்கிப் பார்த்து, "பாத்தியா, உனுக்குச் சமமா வந்திருக்கறேன்"னு சிரித்தாய். மறுநாள் எப்படி நிறுத்துவேன்? அதற்கு மறுநாள்? நிறுத்தினால் நீ அழுவாய், எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்குவது எனக்குப் பிடிக்கும், அதுவும் ஒரு காரணம். நீ இல்லாமல் பறி சீக்கிரம் நிறைகிறது. நிறைந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஏர்போர்ட்டில் நீ உள்ளே போகும்போது, கூட்டத்தில் யாரும் பார்க்காமல் உன் கையைப் பிடித்தேன். நீ திரும்பவே இல்லை, நடந்துபோய்விட்டாய். ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபமா?

மாசிலாமணி

*

மெஸ்த்ரே
14.11.2024

லோகேஷ் நைனாவுக்கு முத்தம்மா எழுதுவது.

எல்லோரும் நலம். இன்றைக்கு மரியாதை வரவில்லை, நீ என்றே எழுதுகிறேன்.

கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் பறியாலேயே அடித்திருப்பேன். ஒரு வருடம் என்னை ஏமாற்றினாய். கை நன்றாக இருக்கிறது என்று நம்ப வைத்தாய். அந்தத் திமிரில்தானே அத்தனை பேர் முன்னால் படியில் இறங்கி மாப்பிள்ளையைத் தலைகுனிய வைத்தேன். அன்றைக்கே கிளிஞ்சலை என் முகத்துக்கு நேராகக் காட்டியிருக்க வேண்டும். அழுதிருப்பேன், அழுது முடித்திருப்பேன்.

அதற்கு அப்புறம் பிள்ளையைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் சூடா என்று விரலால் பார்க்க எனக்குத் தெரியவில்லை, முழங்கையை விட்டுப் பார்த்தேன். அப்போது உன்னை நினைத்தேன். வருடம் முழுக்க முதுகு ஒடியக் குனிந்து பிடித்ததில் பாதியை எனக்குக் கொட்டிவிட்டு, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

முந்தாநாள் மாப்பிள்ளையைக் கேட்டு அந்தப் படித்துறைக்கு மறுபடி போனேன். தண்ணீர் மேல்படி வரை ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், கிட்டே போகவில்லை. பிறகு அன்றைக்கு விட்டுப்போன மணிக்கூண்டில் ஏறினேன். ஏறினேன் என்றால் லிப்ட் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரிகிறது. சேறு தெரிகிறது, கழி நட்ட வரிசை தெரிகிறது. கண்ணால் பார்ப்பதற்கும் நிறைய இருக்கிறது என்று தோன்றியது.

நான் இனி ஏரியில் இறங்கமாட்டேன். இது காவியா முடிவும் இல்லை, டாக்டர் முடிவும் இல்லை, என் முடிவு. அனுப்பம்பட்டுக்கும் போகமாட்டேன். நீ இறங்கும்போது கரையில் உட்கார்ந்திருப்பேன். நீ கொண்டுவருவதைப் பிரித்து, கூடையில் எடுத்துக்கொண்டு திருப்பாலைவனத்துக்கு பஸ் ஏறி நானே விற்பேன். கரையில் வியாபாரி என்ன சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் நீ. எனக்குக் கண் நன்றாக இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது.

ஆணியில் இருக்கிற என் பறியை இறக்கு. உன்னுடையதுதான் கிழிந்துவிட்டதே, இனி நீ அதைக் கடித்துக்கொண்டு இறங்கு. முழுசாக நிறைத்துக்கொண்டு வா. பாதி கீதி எல்லாம் இனிமேல் கிடையாது.

அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். லோகேஷ் கார் எடுத்து வருவான், நீயும் வா. ஏர்போர்ட்டில் கையைப் பிடித்தும் திரும்பவில்லையே, கோபமா என்று கேட்டிருக்கிறாய். கோபம் இல்லை. நீ பிடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் திரும்பியிருப்பேன்.

இந்த முறை யார் பார்த்தாலும் பரவாயில்லை, பிடி. லேசாகப் பிடித்தால் தெரியாது. அழுத்திப் பிடி.

முத்தம்மா